முதல் சுவர்: தெருவில் ஓவியம் வரைய வருகிறவர்களுக்கு

தெரு ஓவியம் என்றதும் பலருக்கு நடுராத்திரி, முகமூடி, ஸ்ப்ரே கேன் என்று ஒரு சினிமாக் காட்சி மனதில் ஓடும். நம் ஊரில் காரியம் அப்படி நடப்பதில்லை. காலை ஆறரைக்கு வாளியும் கையுமாகப் போய் நிற்பீர்கள். சுவரை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர் யாருடையது என்று நான்கு வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். தண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்று டீக்கடையில் கேட்பீர்கள். ஒருவழியாக பிரஷ்ஷைத் தொடும்போது வெயில் ஏறியிருக்கும்.

என் முதல் சுவர் ஒரு பள்ளியின் பின்பக்கக் காம்பவுண்டு. ஆகஸ்டில் ஐந்து நாள் அங்கேயே கிடந்து ஒரு புலி வரைந்தேன். மழையெல்லாம் முடிந்து தை மாதம் போய்ப் பார்த்தால் புலியின் முகத்தைக் காணோம். அப்பளம் மாதிரி உரிந்து கீழே கிடந்தது. வால் மட்டும் அப்படியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கைகழுவும் தொட்டி இருந்ததை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் ஓவியத்தைவிடச் சுவரைப் பற்றி அதிகம் இருப்பதற்கு அந்தப் புலிதான் காரணம்.

1. பிரஷ் வாங்கும் முன் நடந்து பாருங்கள்

சென்னையில் இருப்பவர்கள் முதலில் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போங்கள். கஸ்தூரிபா நகருக்கும் திருவான்மியூருக்கும் நடுவில் இருக்கிறது. வெளிச்சுவரில் வரிசையாக முகங்கள். ஏ-கில் என்ற பெயரில் வரையும் சென்னை ஓவியரும் கத்ரா என்ற இன்னொரு ஓவியரும் வரைந்தது. ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அமைப்பு தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து செய்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களும் இல்லாதவர்களும் அந்த முகங்களில் கலந்து இருக்கிறார்கள். யார் எவர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. படத்தின் சங்கதியே அதுதான்.

அங்கே இரண்டு தடவை பாருங்கள். முதலில் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று. அப்புறம் சுவருக்கு ஒரு கை தூரத்தில். தூரத்தில் கன்னமாகத் தெரிந்தது கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டு. எங்கே ரோலர் போயிருக்கிறது, எங்கே பிரஷ் போயிருக்கிறது, சுவரின் மூட்டும் குழாயும் வரும் இடத்தில் ஓவியர் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். இதைத் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்தது கண்ணகி நகர். பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டிய மறுகுடியமர்வுப் பகுதி. நகருக்குள் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களும், 2004 சுனாமியில் வீடிழந்தவர்களும் குடியேற்றப்பட்ட இடம். 2020 தொடக்கத்தில் சென்னை மாநகராட்சி, ஸ்டார்ட் இந்தியா, ஏசியன் பெயின்ட்ஸ் மூன்றும் சேர்ந்து இங்கே குடியிருப்புகளின் பக்கச் சுவர்களைப் பெரிய ஓவியங்களாக்கின. சுற்றுலாத் தலத்துக்குப் போகிற மாதிரி போகாதீர்கள். நீங்கள் படம் எடுக்கும் சுவருக்குப் பின்னால் யாரோ சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாடிப்படியில் உட்கார்ந்திருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். "சுவருக்கு கலர் அடிச்சாங்க, தண்ணி எப்போ தம்பி வரும்?" என்று யாராவது உங்களிடம் கேட்டால் அதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை உங்கள் சுவருக்கு முன்னாலும் அந்தக் கேள்வி வரும்.

டெல்லிக்குப் போகிறவர்கள் லோதி காலனியை விடாதீர்கள். கான்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் நடுவே உள்ள அரசு ஊழியர் குடியிருப்பு. 50-க்கும் மேற்பட்ட சுவர்கள். எல்லாக் கட்டடத்திலும் உயரமான வளைவு வாசல் ஒன்று இருக்கும். அதை ஒருவர் மறைக்கப் பார்த்திருப்பார், இன்னொருவர் படத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டிருப்பார். ஒரே மாதிரிச் சுவரை இத்தனை பேர் கையாண்டிருப்பதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. 2014-இல் டெல்லி போலீஸ் தலைமையகத்தில் ஹென்ட்ரிக் பைகிர்ச்சும் அன்பு வர்க்கியும் வரைந்த சுமார் 150 அடி உயரக் காந்தி ஓவியம்தான் இந்த அலைக்கே பெரிய விளம்பரமாக அமைந்தது. மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனில் எர்னஸ்ட் சகாரெவிச் 2012-இல் வரைந்த இரண்டு குழந்தைகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் ஓவியம், சைக்கிள் மட்டும் சுவரில் பொருத்திய நிஜ சைக்கிள். ஊரே வரிசையில் நின்று படம் எடுக்கிறது. அந்த உத்தியை நகலெடுத்த சுவர்கள் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டன. நீங்களும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

2. விழாவில் கையாளாகச் சேருங்கள்

தெருக்கலை விழா என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். உள்ளே அது ஒரு கட்டட வேலை. ஏற்பாட்டாளர்கள் சுவரைத் தேர்ந்தெடுத்து, உரிமையாளரிடமும் அரசுத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி, எந்தச் சுவருக்கு எந்த ஓவியர் என்று முடிவு செய்து, லிஃப்ட் அல்லது சாரம் ஏற்பாடு செய்திருப்பார்கள். ஓவியர் வந்து ஒரு வாரம், பத்து நாளில் முடித்துவிட்டுப் போவார். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது அந்தப் பத்து நாள்தான்.

தன்னார்வலர் அழைப்பு வந்தால் "எனக்கு நன்றாக வரைய வரும்" என்று எழுதாதீர்கள். வரையத் தெரிந்தவர்கள் நூறு பேர் எழுதுவார்கள். "எனக்கு இந்தப் பகுதி தெரியும், தமிழும் இந்தியும் பேசுவேன், பைக் இருக்கிறது, உயரம் பயமில்லை" என்று எழுதுகிறவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். வெளியூர் ஓவியருக்கு வண்ணக் கலவை தீர்ந்துபோய் மதியம் இரண்டு மணிக்கு ஓடிப்போய் வாங்கி வர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருங்கள். மூன்றாவது நாள் அவரே உங்கள் கையில் ரோலரைக் கொடுத்து, "இந்தப் பின்னணியை நிரப்பு" என்பார்.

விழா எதுவும் உங்கள் ஊருக்கு வரவில்லையா? அதைவிட நல்ல வாத்தியார்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சென்னையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர்கள் பிளெக்ஸ் வந்தபின் தொழில் இழந்தார்கள். 2010 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்கப் படம் வரைய வைத்தபோது அவர்களில் பலருக்கு வேலை கிடைத்தது. அப்படி ஒரு பெரியவரிடம் நான் இரண்டு மாதம் சுற்றினேன். நான் ஒரு மணி நேரம் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இப்படி அளந்தா பொங்கலுக்குத்தான்பா முடிப்ப" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். அந்த நூலுக்குப் பின்னால் வருகிறேன்.

கிராமப்புறம் என்றால் கட்சிக்குச் சுவர் எழுதுகிறவர்களைப் பிடியுங்கள். ஆள் உயரத் தமிழ் எழுத்தைக் கையால், இடைவெளி பிசகாமல் எழுத அவர்களைவிட யாருக்கும் வராது. கம்ப்யூட்டர் எழுத்துருவைச் சுவரில் பெரிதாக்கினால் 'ண'வும் 'ஞ'வும் இடத்தை அடைத்துக்கொண்டு மற்ற எழுத்தெல்லாம் ஒல்லியாகத் தெரியும். இதை அவர்கள் கண்ணாலேயே சரிசெய்வார்கள்.

3. சுவர் பிடிப்பது

முதல் சுவருக்குத் தனியார் சுவரே நல்லது. தெரிந்தவர் வீட்டுக் காம்பவுண்டு, ஒரு கடையின் பக்கச் சுவர், குடியிருப்போர் சங்கத்தின் மாடிப்படிச் சுவர். அளவு 10 அடிக்கு 20 அடிக்கு மேல் வேண்டாம்.

வாய்வார்த்தை போதாது. ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: சுவர் எங்கே, யாருடையது, என்ன படம், எத்தனை நாள், செலவு யாருடையது, எத்தனை வருஷம் அழிக்காமல் வைத்திருக்க உரிமையாளர் சம்மதிக்கிறார். படத்தின் மாதிரியையும் இணைத்து அதிலும் கையெழுத்து வாங்குங்கள். மாதிரியில் கையெழுத்து இல்லாவிட்டால் பாதி வேலையில் "மயிலுக்குப் பக்கத்துல எங்க கடை பேரு வரட்டும்" என்று ஆரம்பிப்பார்கள். "சாமி படம் போட்டுடுங்க, அப்பதான் ஒருத்தனும் ஒண்ணுக்குப் போக மாட்டான்" என்பது அதைவிட அடிக்கடி வரும் கோரிக்கை. அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் அது உங்கள் படமா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பொதுச் சுவர் என்றால் அது உண்மையில் யாருடையது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. மேம்பாலத் தூண் மாநகராட்சியுடையதாக இருக்கும், நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கும். ரயில்வே சுவர் ரயில்வேயுடையது. மாநகராட்சிக் கடிதம் அங்கே செல்லாது. மாநகராட்சிச் சுவருக்கு மண்டல அலுவலகத்தில் மனு, அதன் நகல் வார்டு கவுன்சிலருக்கு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். அனுமதி வந்தபின் ஒரு நகலை அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள். யாராவது போன் செய்தால் ரோந்து வரும் காவலருக்கு விஷயம் தெரிந்திருக்கும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அது விளம்பரங்களைக் குறிவைத்து வந்ததுதான், ஆனாலும் கையில் காகிதம் இல்லாதவர் எதையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கட்சிக்காரர்கள் சுவரைப் 'பிடித்து' வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. மூலையில் சின்னதாக ஒரு கட்சிப் பெயரும் வருஷமும் எழுதியிருந்தால் அந்தச் சுவருக்கு எழுதப்படாத ஓர் உரிமையாளர் இருக்கிறார். கிளைச் செயலாளரைப் பார்த்து, "அண்ணே, இந்தச் சுவத்துல ஒரு படம் போடலாம்னு இருக்கோம்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள். சொல்லாமல் செய்தால்தான் சிக்கல். தேர்தல் தேதி அறிவிக்கப்போகிறார்கள் என்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் அரசுச் சுவர்களில் இருக்கும் அரசியல் எழுத்துகளை 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு; வெள்ளையடிக்கிற ஆட்கள் உங்கள் யானையைக் கட்சிச் சின்னமாக எடுத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

கடைசியாக, எதிர்வீடு. சுவரின் உரிமையாளர் அதைப் பார்ப்பதே இல்லை, எதிர்வீட்டுக்காரர்தான் தினமும் பார்க்கப்போகிறார். மாதிரிப் படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடமும் காட்டுங்கள். ஒரு தடவை ஓர் அம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கண்ணு ராத்திரி எங்க ஜன்னலையே பாக்குமே தம்பி" என்றார். முகத்தை இடப்பக்கம் திருப்பி வரைந்தேன். படமும் அதனால் தேறியது.

4. சுவரைச் சோதிப்பது

'சுவரை வைத்துத்தான் சித்திரம்' என்ற பழமொழியை டாக்டர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அது எங்கள் சொத்து.

விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. ஓர் இடத்தில் டொக்கு டொக்கு என்று பானையைத் தட்டுகிற சத்தம் வந்தால் அங்கே பூச்சு உள்சுவரை விட்டு விலகியிருக்கிறது. அதைச் சாக்பீஸால் வட்டமிட்டு, கொத்தனாரை வைத்துக் கொத்திப் புதுப்பூச்சு பூச வேண்டும். புதுப்பூச்சுக்கு மேல் உடனே வண்ணம் அடிக்கக் கூடாது. 28 நாள் காயட்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் வேறு சுவர் பாருங்கள்.

அடுத்து உள்ளங்கையால் தேயுங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ உதிர்கிறது என்று அர்த்தம். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் மாவோடு சேர்ந்து உரிந்துவரும். கம்பி பிரஷ், சுரண்டி, உப்புத்தாள் மூன்றும் இங்கேதான் வேண்டும்.

மூன்றாவது, ஓதம். சுவரின் கீழ் இரண்டடியில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி பூத்திருந்தால் அது பூஞ்சை இல்லை, உப்பு. நிலத்திலிருந்தோ, குழாயிலிருந்தோ, சுவரின் மறுபக்கத்திலிருந்தோ ஈரம் ஏறுகிறது. சந்தேகமாக இருந்தால் ஓரடிக்கு ஓரடி கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப்புகாமல் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அப்புறம் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தும் வரை பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். மறக்காமல் சுவரின் மறுபக்கத்தைப் போய்ப் பாருங்கள். நான் போகவில்லை, புலியின் முகம் போனது.

பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றித் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, நாலைந்து வெயில் காயவிடுங்கள். வெடிப்புகளுக்கு வெளிச்சுவருக்கான பட்டி பார்க்க வேண்டும். வீட்டுக்குள் அடிக்கும் பட்டி வெளியில் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. பட்டி காய்ந்ததும் உப்புத்தாள், தூசு துடைப்பு, அதன்மேல் ஒரு கோட் பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு.

இன்னொன்று, சுவரில் மின்வாரியப் பெட்டி இருந்தால் அதன்மேல் வரையாதீர்கள், அதன் கதவையும் எண்ணையும் மறைக்காதீர்கள்.

5. சின்னப் படம் பெரிய படமாவது

இதற்கு மூன்று வழி உண்டு.

பேனர் காலத்து வழி, கட்டம் போடுவது. மாதிரியில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓரடிக் கட்டம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் பொழுது போய்விடும். இங்கேதான் பெரியவரின் நூல். பருத்தி நூலைக் காவிப்பொடியில் புரட்டி, ஒரு முனையை நீங்களும் மறுமுனையை இன்னொருவரும் சுவரோடு அழுத்திப் பிடித்து, நடுவில் இரண்டு விரலால் இழுத்து விட்டால் பட்டென்று ஓர் அடி. இருபதடிக்கு ஒரே நேர்க்கோடு, இம்மி பிசகாது. அரைமணியில் முழுச் சுவரும் கட்டமாகிவிடும். கட்டங்களுக்குப் பக்கவாட்டில் எண்ணும் மேலே எழுத்தும் போட்டுக்கொள்ளுங்கள், சாரத்தில் ஏறியபின் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

இரண்டாவது, இப்போது எல்லோரும் செய்வது. சுவர் முழுக்க ஒழுங்கே இல்லாமல் கிறுக்குவது. வட்டம், பெருக்கல் குறி, 'ழ', தேள், உங்கள் நண்பன் பெயர், எது வேண்டுமானாலும். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. நேர் எதிரே நின்று முழுச் சுவரையும் படம் எடுங்கள். போனில் அந்தப் படத்தின்மேல் உங்கள் மாதிரியைப் பாதி ஊடுருவித் தெரியும்படி வையுங்கள். மூக்கு நுனி 'ழ'வின் சுழியைத் தொடுகிறது, காது தேளின் வாலுக்குக் கீழே வருகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டே போகலாம். அளவே தேவையில்லை. தெருவில் போகிறவர்களுக்கு முதல்நாள் பயம் வரும். "என்னப்பா, பைத்தியம் கிறுக்கின மாதிரி இருக்கு" என்பார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

மூன்றாவது புரொஜெக்டர். இருட்டும், மின்சாரமும், எதிரே வண்டி போகாத இடமும் வேண்டும். நம் தெருக்களில் இந்த மூன்றும் ஒன்றாக அமைந்து நான் பார்த்ததில்லை.

எதில் வரைந்தாலும் பெர்மனென்ட் மார்க்கரைத் தொடாதீர்கள். அதன் மை இரண்டு கோட் எமல்ஷனையும் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) ஊடுருவி மேலே கசியும். சாக்பீஸ், அல்லது தண்ணீர் கலந்த வெளிர்நிற எமல்ஷனில் மெல்லிய பிரஷ். கரித்துண்டு வேண்டுமானால் பயன்படுத்தலாம், ஆனால் மஞ்சளும் வெள்ளையும் வரும் இடத்தில் அது அழுக்காக்கிவிடும்.

6. பெயின்ட்

வெளிச்சுவருக்கான எக்ஸ்டீரியர் எமல்ஷன் போதும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஸ்ப்ரே கேன் மட்டும்தான் தெரு ஓவியம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் பெரிய சுவர்களில் நிறைய எமல்ஷனில் வரைந்தவைதான். ஸ்ப்ரே இங்கே விலை அதிகம், வண்ணத் தேர்வும் குறைவு. மிருதுவான நிழல், புகை மாதிரி ஓரம் வேண்டும் என்ற இடத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது சாதாரண முகக்கவசமோ என்-95 கவசமோ உதவாது. அவை தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கான வடிகட்டிக் குப்பி வைத்த கவசம் வேண்டும்.

கணக்கு இப்படி: ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 முதல் 60 சதுர அடி வரை வரும். 10-க்கு 20 சுவர் 200 சதுர அடி, ஆகவே பின்னணிக்கே 4 லிட்டர். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். மற்ற வண்ணங்கள் லிட்டர் டப்பாவில்.

வெள்ளை எமல்ஷனும், அதில் நிறம் கலக்கும் ஸ்டெய்னர் டியூப்களும் வாங்கி நீங்களே கலப்பது மலிவு. வெளிர் நிறங்களுக்கு அது சரி. அடர்சிவப்பு வேண்டும் என்று வெள்ளையில் டியூப் டியூப்பாகப் பிதுக்கினால் கடைசியில் ரோஜா நிறம்தான் வரும், சரியாகக் காயாது, மழையில் வடியும். அடர் நிறங்களைக் கடையில் டின்டிங் மெஷினிலேயே கலந்து வாங்குங்கள். டப்பா மூடியில் ஒட்டித் தரும் குறியீட்டை போனில் படம் எடுத்து வையுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் வர வேறு வழியில்லை.

வெயில் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி தின்பதில்லை. ரோஸ், பளிச் சிவப்பு, பளிச் மஞ்சள் எல்லாம் முதலில் போகும். காவி, செம்மண், பழுப்பு, கறுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வருஷக்கணக்கில் நிற்கும். மேற்குப் பார்த்த சுவரில் படத்தின் உயிரை ஒரு ரோஸ் நிறப் பூவில் வைக்காதீர்கள். மேலே தெளிவான வார்னிஷ் ஒரு கோட் அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நன்றாகக் காய்ந்த, ஓதமே இல்லாத சுவர் என்றால் அடிக்கலாம். ஈரம் உள்ள சுவரை மூடினால் உள்ளே அடைபட்ட ஈரம் படத்தையே கொப்புளமாகத் தள்ளிவிடும். சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள்.

7. ஏறுவது

ஏழடி வரை ஸ்டூல். அதற்கு மேல் சாரம். ஏணியில் நின்று கோடு போடலாம், படம் வரைய முடியாது. ஒரு கை எப்போதும் ஏணியைப் பிடித்திருக்கும். சவுக்குக்கட்டைச் சாரமோ இரும்புச் சாரமோ, கட்டுவது அதற்கான ஆட்கள்தான். பத்தடிக்கு மேல் உடல் முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்பு வாரும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஏற வேண்டாம், "நான் பாத்துக்கிறேன்" என்று யார் சொன்னாலும். கைக்கெட்டும் தூரத்தில் மின்கம்பி போகிறதா? அந்தச் சுவரே வேண்டாம்.

8. வரையும் நாட்கள்

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரைதான் பொற்காலம். கிழக்குப் பார்த்த சுவரில் மதியத்துக்கு மேல், மேற்குப் பார்த்த சுவரில் காலையில் என்று நிழலைத் துரத்திக்கொண்டே வேலை செய்யுங்கள். சுடும் சுவரில் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து கோடுகோடாக நிற்கும்.

பின்னணியை முதலில் முடியுங்கள். பெரிய திட்டுகள் அடுத்து, நுணுக்கம் கடைசி. மேலிருந்து கீழே வாருங்கள், சொட்டுகள் கீழேதான் விழும். புதியவர்கள் எல்லோரும் முதல்நாளே கண்ணை வரைவார்கள். எனக்கும் ஆசைதான். கண் முடிந்ததும் மற்றதெல்லாம் சலிப்பாகிவிடும். கோயில் சிற்பத்துக்குக் கண் திறப்பதைக் கடைசியில் வைத்திருக்கிறார்களே, அதே முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

அருகில் நிற்கும் வண்டிகளுக்கு மேல் தார்ப்பாயோ பழைய புடவையோ போடுங்கள். காற்றில் பறக்கும் ஒரு சொட்டு வெள்ளை, கறுப்பு புல்லட்டில் விழுந்தால் உங்கள் சம்பளம் அங்கேயே முடிந்தது. மணிக்கு ஒரு தடவை இறங்கித் தெருவின் எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். சாரத்தில் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு காது மட்டும். பிரஷ் கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் கொட்டாமல் வாளியில் தெளியவிட்டு, மேலே உள்ளதை மண்ணில் ஊற்றி, வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

பிள்ளைகள் வருவார்கள். விரட்ட முடியாது, விரட்டவும் வேண்டாம். கீழ் ஓரத்தில் இரண்டடிப் பட்டையை அவர்களுக்கென்று ஒதுக்கி, ஆளுக்கொரு சின்ன பிரஷ்ஷும் ஒரே நிறமும் கொடுங்கள். ஒரே நிறம் என்பது முக்கியம். மூன்று நிறம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சேற்று நிறமாகிவிடும்.

9. கூலியும் உரிமையும்

முதல் சுவருக்கு இலவசமாக வரையலாம். இரண்டாவதிலிருந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள், பெயின்ட்டும் சாரமும் தனிக்கணக்கு. மூன்றில் ஒரு பங்கு முன்பணம். "பெயர் கிடைக்குமே" என்று சொல்கிறவரிடம், கொத்தனாருக்கும் அப்படித்தான் கொடுத்தீர்களா என்று கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன், வேலை கிடைக்கவில்லை, வருத்தமும் இல்லை.

சுவர் உரிமையாளருடையது என்பதால் படமும் முழுக்க அவருடையதாகிவிடாது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: மிச்சத்தை அவரிடமே திருப்பிக்கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு படைத்தவருக்குத் தரும் உரிமை அது. நாம் யாரும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளலாம்: படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் தனித் தொகை, அழிப்பதற்கு முன் 30 நாள் தகவல். வலது கீழ்மூலையில் உங்கள் பெயரும் வருஷமும் போடுங்கள், உள்ளங்கை அளவுக்கு. அதைவிடப் பெரிதாகப் போட்டால் கட்சிக்காரர் சுவர் பிடித்த மாதிரி இருக்கும்.

சாரம் பிரித்த அன்றைக்கு நல்ல வெளிச்சத்தில் நேராக நின்று படம் எடுத்துவிடுங்கள்; மறுநாள் காலையில் அங்கே ஒரு வண்டி நிற்கும். மீதமுள்ள ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பாட்டில் ஊற்றி, மூடியில் குறியீடும் தேதியும் எழுதி, எதிரே இருக்கும் கடையில் கொடுத்து வையுங்கள், உங்கள் போன் நம்பரோடு. முதல் மழைக்காலம் முடிந்ததும் கடைக்காரரே கூப்பிடுவார்: "தம்பி, யானைக்குக் காதுகிட்ட லேசா உரியுது, எப்ப வர்றீங்க?"